நாலு ரிவர்ஸ் கியர்

முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்த இரண்டு எலுமிச்சம்பழங்களும் வைத்தபடியே இருந்தன. வண்டிதான் அங்கே இல்லை.

செங்கல்வராயன் கிளட்சை விட்ட மாத்திரத்தில் அது தடதடவென்று இருபது அடி பின்வாங்கி, விருந்தினருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டு நின்றது. கற்பூரத் தட்டோடு நின்ற ஐயர், யாருக்குக் காட்டுவதென்று தெரியாமல் எலுமிச்சம்பழங்களுக்கே தீபம் காட்டிக்கொண்டிருந்தார்.

“ரிவர்ஸ்ல உழுந்துட்ச்சி போல, நைனா,” என்றாள் மகள் சந்தியா மெதுவாக.

செங்கல்வராயன் கியரைப் பார்த்தார். முதல் கியர்தான். சந்தேகத்துக்கு எடுத்து இரண்டாவதில் போட்டார். வண்டி இன்னும் உற்சாகமாகப் பின்னால் போய் அடுத்த வரிசையையும் சாய்த்தது. நல்ல வேளை, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் வரிசை விழுந்தபோதே எழுந்துவிட்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்து முன்னால் வந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கைதட்டத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புத்தூர் இன்ஜினீயரிங் காலேஜ் மைதானத்தில், பிரின்சிபால் முதல் கேண்டீன் மாஸ்டர் வரை பார்த்திருக்க இது நடந்தது. ரேணிகுண்டாவில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கு ஆட்டோ மெக்கானிக்காக இருக்கும் செங்கல்வராயனுக்கு, நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் உள்ள வண்டியைக் கட்டிய முதல் ஆள் என்ற பெயர் அன்று காலை பத்தேகாலுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்படியே இருக்கைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அது கதவும் கூரையும் இல்லாத வண்டி. ஒளிய இடம் கிடையாது.

டியூன் பக்கி என்று அதற்குப் பெயர். மணல் மேட்டிலும் கல்லிலும் முள்ளிலும் ஓட்டுவதற்கென்று இரும்புக் குழாய்களை வளைத்துக் கட்டுகிற வண்டி. சந்தியாவும் அவள் கூடப் படிக்கும் ஐந்து பேரும் சேர்ந்து திட்டம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு வெளியே ஆற்று மணலில் போட்டி. உடைத்துப் போட்ட ஒரு சரக்கு ஆட்டோவிலிருந்து டீசல் இன்ஜினை எடுத்துப் பொருத்தினார்கள். ரேடியேட்டர், தண்ணீர் என்ற தொல்லை எதுவும் இல்லாமல் காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் இன்ஜின் அது. அதைப் பற்றி செங்கல்வராயனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ரேணிகுண்டாவில் சொல்வார்கள். நேற்று வரை சொன்னார்கள்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். செங்கல்வராயனிடம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். புது வண்டி பூஜை போடாமல் ஒரு அடி உருளக் கூடாது என்பது அவர் கொள்கை. கல் மேல் தூக்கி வைத்து இன்ஜினை ஓடவிட்டார், நாலு கியரிலும் சக்கரம் சுற்றியது, திருப்தியாகத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அந்தரத்தில் சுற்றுகிற சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று யார் பார்க்கிறார்கள்? கண் பட்டுவிடும் என்று மகளுக்குக்கூடத் தார்ப்பாயை விலக்கிக் காட்டவில்லை. இன்று காலை சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது இன்ஜினுக்கு மேல் தகரக் கவசம் போட்டு முடுக்கியாகிவிட்டது.

காரணம் என்ன என்பது மட்டும் அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். இன்ஜின் முகம் திரும்பி உட்கார்ந்திருந்தது. முன்னால் பார்க்க வேண்டியது பின்னால் பார்த்தது. இன்ஜினைத் திருப்பி வைத்தால் சக்கரமும் திரும்பிச் சுற்றும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். ஆனால் சந்தியா கொடுத்த டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது.

டிராயிங்கைப் பார்த்த அன்றே அவர் கை துறுதுறுத்தது. திருப்பி மாட்டிவிட வேண்டியதுதானே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். ஏனென்றால் போன வருஷம் இதே பிள்ளைகள் பந்தயத்துக்கு ஒரு சின்ன கார் செய்தார்கள். வண்டி குட்டையாகப் பார்க்க நன்றாக இல்லை என்று செங்கல்வராயன் தன் கைச்சரக்காக நாலு அங்குலம் நீட்டிவிட்டார். போட்டி வாசலிலேயே அளவு நாடாவை வைத்துப் பார்த்து, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சந்தியா இரண்டு மாதம் அப்பாவிடம் பேசவில்லை. பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, “நைனாவுக்குச் சாதம் போடும்மா” என்று அவர் எதிரிலேயே அம்மாவிடம் சொல்லுவாள். அந்த இரண்டு மாதம் சோறு தொண்டையில் இறங்கவில்லை அவருக்கு.

அதனால் இந்த முறை ஒரு கோட்டைக்கூட மாற்றுவதில்லை என்று மலையப்பன் மேல் ஆணையிட்டுக்கொண்டார். என்னமோ, படித்த பிள்ளைகள், இந்தக் காலத்தில் இதற்கு ஏதாவது கணக்கு இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அப்படியே மாட்டினார். பரீட்சைக்கு நடுவில் சந்தியா போன் செய்தாள்.

“நைனா, இன்ஜின் மாட்டிட்டியா?”

“ஆச்சி ஆச்சி.”

“டிராயிங்ல இன்னா இன்னா மாத்தின?”

ஒன்றுமே மாற்றவில்லை என்பதை நேரில் பார்த்து அவள் அசந்துபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை. “நீயே வந்து பாத்துக்கோ,” என்றார்.

“உன்ன எனக்குத் தெரியாதா நைனா,” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை.

இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. மெக்கானிக்கல் பிரிவுத் தலைவர் ஹரிபாபு, சாய்ந்த நாற்காலிகளைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவர் பேச்சில் பாதி தெலுங்கு, யாரையும் மரியாதையாக ‘காரு’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

“ஏமய்யா இது? செங்கல்வராயன் காரு, நிஜம் செப்பண்டி, உண்மையச் சொல்லுங்க. தப்பு டிராயிங்லயா, உங்க கையிலயா?”

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. போன வருஷத்து நாலு அங்குலத்துக்குப் பிறகு, இன்னொரு தவறு வந்தால் வண்டிக் குழுவின் கேப்டன் பதவி சந்தியாவிடமிருந்து, அதே குழுவில் இருக்கும் கிஷோருக்குப் போகும் என்று ஹரிபாபு எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அந்தக் கிஷோர் பக்கத்திலேயே, ஒன்றும் தெரியாதவன்போல் தலைமுடியைச் சீவிக்கொண்டு நின்றான்.

“என் கை தான் சார்,” என்றார் செங்கல்வராயன். “டிராயிங் கரெக்டா தான் கீது. நான் தான் அகம்பாவத்துல இன்ஜின திருப்பி மாட்டிட்டேன்.”

சொல்லும்போதே காது இரண்டும் சூடேறியது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட அவர் மாற்றிப் போட்டதில்லை. கூட்டத்தில் யாரோ “போன வருஷமும் இந்த ஆளுதான்பா” என்றார்கள். சந்தியா அப்பாவையே பார்த்தாள். கோபமா, அழுகையா, அவருக்குப் புரியவில்லை. அவளுடைய சிநேகிதி சிவசங்கரி மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“சரே,” என்று ஹரிபாபு பெருமூச்சு விட்டார். “அப்ப பெரிய விஷயம் இல்ல. மூடிய கழட்டுங்க. ஆபீஸ்ல இருக்கிற டிராயிங்க எடுத்துக்கினு வரச் சொல்றேன். அதப் பாத்து அதே மாதிரி இங்கயே மாட்டிடலாம்.”

செங்கல்வராயன் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார். அதே மாதிரித்தான் மாட்டியிருக்கிறது. மூடியைத் திறந்து பக்கத்தில் டிராயிங்கை விரித்தால் குட்டு உடைந்துவிடும். ஒரு பொய் சொன்னவன் அதற்குக் காவலாக இன்னும் நாலு பொய்யை நிறுத்தி வைக்க வேண்டும் அல்லவா? முதல் காவலாள் உடனே வந்தான்.

“மூடி எதுக்கு சார் கழட்டணும்? வண்டி பின்னால நல்லா போவுது இல்ல? அந்தப் பக்கத்தையே முன்பக்கமா வெச்சிக்கலாம். ரெண்டு சீட்டுல ஒண்ண திருப்பிப் போட்டா போதும். நான் ஸ்டியரிங் புடிக்கிறேன், திருப்பின சீட்டுல ஒருத்தரு ஒக்காந்து வழி சொல்லட்டும். பெரிய பெரிய பந்தயத்துல கூட ஒருத்தரு ஓட்டி ஒருத்தரு வழி சொல்றாங்க.”

ஹரிபாபு யோசித்தார். அவர் நல்ல மனிதர். அவருக்குத் தெலுங்கிலும் தமிழிலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அரை மணி நேரத்தில் சீட்டைத் திருப்பினார்கள். வழி சொல்கிற வேலைக்குக் கிஷோர் தானாகவே முன்வந்தான்.

வண்டி கிளம்பியது. மூன்றாவது கியரில் பாய்ந்தபோது ஒரு நிமிஷம் எல்லாருக்கும் நம்பிக்கைகூட வந்தது. இன்ஜினைக் குளிர வைத்துவிட்டு வருகிற அனல் காற்று முழுவதும் கிஷோரின் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு “லெஃப்ட் அங்கிள், லெஃப்ட்” என்று கத்தினான். செங்கல்வராயன் லெஃப்டில் திருப்பினார். அவர் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார், அவன் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய லெஃப்ட் அவருக்கு ரைட்.

“வேற லெஃப்ட் அங்கிள்,” என்று கிஷோர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி சாமியானா கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டது. கம்பம் சாய, சாமியானா நிதானமாகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. அதற்கடியில் காலேஜ் கரஸ்பாண்டென்ட் வேங்கடாசலம் காபி குடித்துக்கொண்டிருந்தார். துணியைத் தூக்கி அவரை வெளியே எடுத்தபோது டம்ளர் கையில் இருந்தது, காபி சட்டையில் இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் செங்கல்வராயனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிஷோருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஊராக இருந்தால் கொஞ்சம் மஞ்சளைத் தடவி விட்டிருப்பார்கள். எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் விடுவார்களா? அவனைக் கட்டுப் போட அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“இக சாலு,” என்றார் ஹரிபாபு. அவர் குரல் மாறியிருந்தது. “போதும். மூடிய கழட்டுங்க.”

“ஸ்பேனர் இல்ல சார்,” என்றார் செங்கல்வராயன். பேன்ட் பையில் ஸ்பேனர் இடித்தது. “எங்க மச்சான் தமிழரசு பஜார்ல வெல்டிங் ஷெட்டு வெச்சிக்கினு கீறான். அங்க எடுத்துக்கினு போயி, ஒரு மணி நேரத்துல திருப்பிக்கினு வந்துட்றேன்.”

சம்மதத்துக்குக் காத்திருக்காமல் வண்டியில் ஏறினார். ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி முன்னால் நகர்ந்தது.

காலேஜிலிருந்து பஜார் ஒன்றரை கிலோமீட்டர். அந்தக் கியரில் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் போனது, சத்தம் மட்டும் லாரி வேகத்தில் வந்தது. நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் பார்த்து ஒரு ஹோம் கார்டு கையைக் காட்ட வந்தார். வேகத்தைப் பார்த்துவிட்டு, பாவமாக இருந்ததோ என்னவோ, கையை இறக்கிக்கொண்டார். தெருவெல்லாம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஆட்கள். காலில் மூங்கில் பத்தை கட்டிய பெரியவர் ஒருவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வண்டியை முந்திப் போனார். போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

“இன்னாபா, முடியலயா? நான் கொஞ்சம் தள்ளி உடட்டுமா?” என்று கேட்டார்.

செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டார். சாகும்வரை இந்த ஒன்றரை கிலோமீட்டரை மறக்க முடியாது என்று தோன்றியது. பாதி வழியில் மனைவி கிருஷ்ணம்மா போன் செய்தாள்.

“பூஜ நல்லபடியா முடிஞ்சிதா? நம்ம பொண்ண எல்லாரும் பாராட்டினாங்களா?”

“எல்லாரும் எழுந்தே நின்னுட்டாங்க,” என்றார். அது பொய்யில்லை.

தமிழரசு வண்டியையும் மாமாவின் முகத்தையும் பார்த்தான். ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான். இரண்டு பேருமாக இன்ஜினைத் தூக்கித் திருப்பினார்கள். குழாயை வெட்ட வேண்டியிருக்கும், புதிதாகத் தாங்கி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும் என்று செங்கல்வராயன் பயந்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. டிராயிங்கில் எதற்கென்றே தெரியாமல் கூடுதலாக நாலு ஓட்டை போட்டிருந்தது. இவரும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவற்றையும் குடைந்து வைத்திருந்தார். திருப்பிய இன்ஜின் அந்த நாலு ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“இப்டி மாட்றதுக்குன்னே செஞ்சா மாதிரி கீதே மாமா,” என்றான் தமிழரசு.

“எதோ நல்ல நேரம்டா,” என்றார் செங்கல்வராயன்.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஓட்டிப் பார்த்தார். நாலு கியரிலும் வண்டி முன்னால் பாய்ந்தது. இனி ஒரு வேலைதான் பாக்கி. தன்னிடம் இருக்கிற டிராயிங்கை இல்லாமல் செய்ய வேண்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, கேஸ் கட்டர் தீயில் காட்டப் போனார். ஓரத்தில் சந்தியாவின் கையெழுத்து தெரிந்தது. “நைனா, ஒரு கோடு கூட மாத்தாதே” என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். கை வரவில்லை. மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹரிபாபு இறங்கினார். பின்னாலேயே ஆட்டோவில் சந்தியாவும் சிவசங்கரியும் வந்தார்கள். ஹரிபாபுவின் கையில் ஆபீஸ் டிராயிங் சுருளாக இருந்தது.

செங்கல்வராயன் போய்க் குறுக்கே நின்றார். “எல்லாம் சரி பண்ணிட்டேன் சார். பாக்கத் தேவையில்ல.”

“தப்புக்கண்டி, தள்ளுங்க,” என்று அவரை விலக்கிவிட்டு ஹரிபாபு டிராயிங்கை வண்டி மேலேயே விரித்தார். இன்ஜினைப் பார்த்தார். டிராயிங்கைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். செங்கல்வராயன் கண்ணை மூடிக்கொண்டு வேங்கடேசா என்றார்.

“பாக உந்தி, நல்லா இருக்கு. இப்ப டிராயிங்ல இருக்கிற மாதிரியே கரெக்டா இருக்கு,” என்றார் ஹரிபாபு.

செங்கல்வராயன் கண்ணைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். ஆபீஸ் டிராயிங்கில் இன்ஜின் நேராகத்தான் இருந்தது. தன் பையில் இருக்கிற டிராயிங்கில் அது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. தன் தவறு தெரிந்ததும் சந்தியா ஆபீசுக்குப் போய்க் கள்ளத்தனமாக டிராயிங்கை மாற்றி வைத்திருக்கிறாள். காலையில் அப்பன் சொன்ன பொய்யைப் பார்த்து மத்தியானத்துக்குள் பிள்ளையும் கற்றுக்கொண்டுவிட்டது.

நாற்காலி சாய்ந்தபோதும் சாமியானா விழுந்தபோதும் வராத வெட்கம் அப்போது வந்தது. அவர் கண் கலங்கியது.

“சார், மன்னிச்சிடுங்க,” என்று பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். “காலைல நான் சொன்னது பொய். நான் ஒண்ணுமே மாத்தல. எம்பொண்ணு குடுத்த டிராயிங் இது. இதுல எப்டி இருந்திச்சோ அப்டியே தான் மாட்டினேன். தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொன்னா மறுபடியும் எங்கிட்ட பேசாம போயிடுவாளோன்னு வாயத் தொறக்கல. அவ கேப்டனா இருக்கணுமேன்னு பொய் சொன்னேன். இப்ப அவ பயந்துக்கினு உங்க காயிதத்த மாத்தி வெச்சிட்டா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார். பொய் சொல்லக் கத்துக் குடுத்தது நான் தான்.”

ஹரிபாபு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆபீஸ் டிராயிங்கின் மூலையைத் தட்டிக் காட்டினார்.

“இதுல இருக்கிறது என் கையெழுத்து. ஜனவரி மாசம் நான் போட்டது. இத யாரும் மாத்தல, செங்கல்வராயன் காரு.” அவர் மெதுவாகத் திரும்பினார். “ஏம்மா சந்தியா, ஜனவரியிலயே சரியா வரைஞ்சிட்டு, உங்க நைனாவுக்கு மட்டும் எதுக்கு வேற ஒண்ணு குடுத்த?”

சந்தியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. செங்கல்வராயன் மகளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடித்த நகத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு சிவசங்கரி சொன்னாள்:

“எது குடுத்தாலும் அவங்க நைனா மாத்தி தான் மாட்டுவாருன்னு, அவருக்குன்னு தனியா ஒண்ண வேணும்னே தலகீழா வரைஞ்சி குடுத்தோம் சார், இந்த ஒரு தபா பொண்ணு பேச்ச அப்டியே கேப்பாருன்னு யாருக்குத் தெரியும்?”